எளியாரை நலிதலும் கண்டிருத்தலும்

சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்குச் சிறப்பியல்பு என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. தனக்கென ஒரு நிறமில்லாத படிகம், அருகே வைத்த செம்பூவாற் செம்மையும் நீலப்பூவால் நீலமும் காட்டும். அதுபோல உயிரும் மலத்தைச் சார்ந்துழி மலமாயும் அருளைச் சார்ந்துழி அருளாயும் நிற்கும். யாதொன்றனையும் சாராது தனித்து நிற்றல் அதற்கு ஒருகாலத்தும் இல்லை. நூல்கள் இவ்வுண்மையைப் பெரும்பாலும் பெத்த முத்தி நிலைகளை விளக்குதற்கு எடுத்தாளும். ஆயினும், ஐந்தாண்டு நிரம்பிய குழவியைக் கைப்பற்றிக் கொணர்ந்து பள்ளி வாயிலில் விட்டுச் செல்லும் தாயும், அக்குழவியை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். தாய்மடியை நீங்கிய உயிர் அடுத்துச் சாரும் சார்பு பள்ளிக்கூடம். ஆண்டு அது எதனைச் சாரும் என்பதே வினா.

பள்ளிப் பிள்ளைகள் எய்தும் தீச்சார்புகளுள் ஒன்று, வலியார் எளியாரை நாடோறும் நலிதல். இதனைக் கேலி என்றும், சேட்டை என்றும், பிள்ளை விளையாட்டு என்றும் மெல்லிய பெயர்களாற் கூறுதல் வழக்கமாயிற்று. பெயர் மெலியவே பொருளும் மெலிந்ததுபோலத் தோன்றுகின்றது. ஆதலின் அதன் இலக்கணம் முதற்கண் வரையறுக்கற்பாலது.

சுவீடன் தேசத்திற் பிறந்து, நார்வே தேசத்துப் பெர்கன் நகரில் நெடுங்காலம் ஆராய்ச்சி நடத்திய டான் ஒல்வேயஸ் என்னும் உளநூலறிஞர் இதற்கு மூன்று இலக்கணங் கூறினார். துன்புறுத்தவேண்டும் என்னும் கருத்தொடு செய்யப்படுதல் ஒன்று. ஒருமுறையோடு ஒழியாது மீண்டும் மீண்டும் நிகழ்தல் ஒன்று. செய்வானுக்கும் உறுவானுக்கும் வலிமை ஒவ்வாதிருத்தல் ஒன்று. வலிமையாவது உடல்வலி மாத்திரம் அன்று. துணைவர் பலராதலும், நாவன்மையும், செல்வமும், பெற்றோர்க்கு ஊரில் உள்ள செல்வாக்கும், சாதிச் செருக்கும் வலிமையேயாம். ஒத்த வலியுடைய சிறுவர் இருவர் பம்பரத்தின் பொருட்டு அடித்துக்கொள்ளுதல் சண்டை. மறுநாள் அவரே ஒருங்கிருந்து விளையாடுவர். ஒருவன் மாத்திரம் நாடோறும் அஞ்ச, ஏனையோர் நாடோறும் நகைத்தல் சண்டை அன்று, அதுவே நலிதல்.

இவ்வேறுபாடு உணரப்படாமையால் விளையும் கேடு பெரிது. சண்டைக்கு ஏற்ற மருந்து நலிதற்கு நஞ்சாம். இருவரையும் ஒருங்கு நிறுத்தி, இருவரும் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுக என்று ஆசிரியர் பணிப்பாராயின், நலியப்பட்ட பிள்ளை தான் செய்யாத குற்றத்திற்கு மன்னிப்பு வேண்டுகின்றது. நலிந்த பிள்ளையோ ஆசிரியர்முன் பணிவு காட்டிப் பின், வாயில் கடந்தவுடன், முறையிட்டமைக்குப் பழிவாங்குகின்றது. அன்றுதொட்டு அவ்வெளிய பிள்ளை வாய் திறவாது. நடுவுநிலை என்று ஆசிரியர் கருதிச் செய்தது, உண்மையில் வலியான் பக்கம் சார்ந்ததாய் முடிகின்றது.

இனி இதன் வடிவங்கள் பல. அடித்தலும் கிள்ளுதலும் வெளிப்படையானவை. எழுதுகோலையும் புத்தகத்தையும் மறைத்தல், நண்பகல் உணவு வேளையில் அருகே அமரவிடாது தட்டைத் தள்ளுதல், விளையாட்டிற் சேர்க்காதிருத்தல், 'இவளோடு பேசாதே' என்று ஏனைப் பெண்மக்களைத் தடுத்தல் ஆகியவை அடியினும் ஆழமாகச் செல்வன. இவற்றுளெல்லாம் கொடியது பட்டப்பெயர். கருநிறம், மாறுகண், திக்குவாய், நொண்டுங்கால், தந்தையின் தொழில், பிறந்த சாதி ஆகிய இவற்றுள் ஒன்றைப் பற்றி ஒரு பெயர் இடப்படும். பெற்றோர் இறைவன் திருப்பெயரைத் தெரிந்து இட்டிருப்ப, வகுப்பறையில் அப்பெயர் மறைந்து இழிபெயரே நிலைபெறும். சிலவிடத்து ஆசிரியரும் அப்பெயரானே அழைத்தல் உண்டு. அவ்வொரு சொல்லால், நலிதற்கு ஆசிரியர் இசைவு உண்டென்று நாற்பது பிள்ளைகளும் அறிந்துகொள்கின்றனர்.

நலியப்படும் பிள்ளை தன் துன்பத்தைச் சொல்லால் உரைப்பது அரிது, உடலால் உரைக்கும். காலையில் வயிற்றுவலி என்று அழுதல், விடுமுறை நாளில் அவ்வலி இன்மை, புத்தகங்கள் கிழிந்து வருதல், பொருள்கள் அடிக்கடி காணாமற்போதல், வழக்கமான வழியை விட்டுச் சுற்றுவழியாய் வீடு திரும்புதல் முதலியன அதன் குறிகள். பள்ளியிற் கழிப்பிடத்தின் பக்கம் தனியே செல்ல அஞ்சி, பகல் முழுதும் அடக்கிக்கொண்டு மாலையில் வீட்டிற்கு விரைந்தோடி வரும் பிள்ளைகளும் உளர். இக்குறிகளுள் ஒன்று காணப்பட்ட அளவானே நலிதல் உண்டு எனத் துணிதல் ஆகாது. ஆயினும் ஆராயாது விடுதலும் ஆகாது.

இனி, இத்தீமையின் வேர் யாது என்பது ஆராயற்பாலது. ஆணவம் என்னும் சொல், உயிரை அணுத்தன்மைப்படுத்துவது என்னும் பொருளுடையது. இயல்பால் வியாபகமுடைய உயிர் மலமறைப்பாற் சிறுமையுற்றுக் கிடக்கின்றது. அச்சிறுமையைத் தாங்கமாட்டாது அது பெருமையைத் தேடி அலையும். பெருமைக்கு உரிய வழி அருளைச் சார்தல் என்பதை அறியாமையால், பிறனைத் தாழ்த்தின் தான் உயர்ந்ததாக மயங்கும். வீட்டில் நாடோறும் அடியுண்ணும் சிறுவன் பள்ளியில் தன்னினும் எளியானைத் தேடுதல் இதனாலாம். எல்லாரும் அங்ஙனம் அல்லர். வீட்டிற் குறையின்றிப் பாராட்டப்பெற்று வளர்ந்து, பிறர் அஞ்சி ஒதுங்குதலைக் கண்டு சுவைபெற்றுப் பின்னும் அதனையே விரும்பும் சிறுவரும் உளர். இருதிறத்தார்க்கும் நோய் ஒன்றே.

செம்பிற் களிம்பு செம்போடு உடன் தோன்றியதாயினும் செம்பு வேறு, களிம்பு வேறு. அவ்வாறே மலம் வேறு, உயிர் வேறு. ஆகலின் நலிந்த சிறுவனைத் தீயவன் என்று பெயரிட்டழைத்தல் சித்தாந்தத்தொடு மாறுபடும். அவன் செய்கை தீது என்பதே பொருந்தும். நலியப்பட்ட சிறுவன்பால் குற்றம் நாடுதலோ அதனினும் பொருந்தாது. 'நீ என்ன செய்தாய், உன்னை மாத்திரம் ஏன் அடிக்கின்றான்?' என்னும் வினா, முறையிட வந்த பிள்ளையின் வாயை என்றும் அடைக்கும் தாழாம்.

நலிவான், நலியப்படுவான் என்னும் இருவரையே பெரும்பாலும் உலகம் நோக்குகின்றது. மூன்றாவது ஒரு திறத்தார் உளர். அவர்தாம் கண்டிருப்பார். கனடா தேசத்து டொராண்டோ நகரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டிடங்களைப் படக்கருவியாற் பதிந்து ஆராய்ந்த அறிஞர் மூவர், தம் முடிபை 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர் கண்ட நலிதல் நிகழ்ச்சிகளுள் நூற்றுக்கு 88-இல் வேறு பிள்ளைகள் அருகே இருந்தனர். அவற்றுள் பிள்ளைகள் இடைப்புகுந்து தடுத்தவை நூற்றுக்கு 19 மாத்திரமே. ஆயின் அங்ஙனம் தடுக்கப்பட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டன பத்து விநாடிக்குள் நின்றுவிட்டன. இம்மூன்று செய்தியும் ஒருங்கு வைத்து எண்ணற்பாலன. நலிதல் தனியிடத்துக் களவாய் நிகழ்வதன்று, அவையில் நிகழ்வது. அவை ஒப்பாதாயின் அது நிலைபெறமாட்டாது. அவையோ பெரும்பாலும் வாளா இருக்கின்றது.

பின்லாந்து தேசத்துத் துர்க்கு நகரப் பல்கலைக்கழகத்துச் சல்மிவல்லி என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் 1996-ஆம் ஆண்டிலேயே, கண்டிருப்பாரும் ஒரே திறத்தினர் அல்லர் என வகுத்துக் காட்டினர். நலிவானுக்கு உடன்கை கொடுப்பார் சிலர். நகைத்தும் ஆரவாரித்தும் ஊக்குவார் சிலர். ஒதுங்கி நிற்பார் சிலர். எளியானுக்குத் துணையாவார் சிலர். ஒதுங்கி நிற்பார் தாம் ஒருபக்கமும் சாராதார் என்றே கருதுவர். நலிவானோ அவர்தம் வாளாமையை இசைவு என்று கொள்கின்றான். நலியப்படுவானும் அதனை இசைவு என்றே கொள்கின்றான். சாராது நிற்றல் உயிர்க்கு இல்லை என்னும் சித்தாந்தத் துணிபு ஈண்டு விளங்கித் தோன்றுகின்றது. 'நான் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்' என்னும் சொல், தான் ஒன்றனைச் சார்ந்திருந்தமையை அறியாதான் சொல்லேயாம்.

கண்டிருந்த பிள்ளை ஒருவர் செய்தற்குரியது யாது என்பதற்குச் சைவ உலகம் வெளியே செல்லவேண்டுவதில்லை. திருத்தொண்டர் புராணத்துட் சண்டேசுர நாயனார் வரலாறு உண்டு. சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் பெயரோடு தோன்றிய அவர், ஏழாம் ஆண்டில் உபநயனம் பெற்று ஓதிவந்த பருவத்தே, உடன் ஓதுவாரோடு சென்றபோது, ஈன்றணிமையுடைய பசு ஒன்று முட்டியதாக, ஆயன் அதனைக் கோலால் அடித்தலைக் கண்டார். கண்டவர் அவர் ஒருவர் அல்லர். தடுத்தவர் அவர் ஒருவர். அவர் ஆயனைத் திருப்பி அடித்திலர். கோலைத் தடுத்தார், ஆவின் பெருமையை எடுத்துரைத்தார், இனி அந்நிரையைத் தாமே மேய்ப்பதாகக் கூறி ஏற்றார், ஊர் அந்தணரின் இசைவும் பெற்றார். அவர் காவலில் ஆக்கள் முன்னையினும் மிகுதியாகப் பால் சுரந்தன என்று அவ்வரலாறு கூறும். தடுத்தல், உண்மை உணர்த்தல், எளியதன் காவலைத் தொடர்ந்து மேற்கொள்ளல், பெரியோரை உடன்படுத்தல் என்னும் நான்கும் இதன்கண் அமைந்துள்ளன. நாயன்மார் வரலாற்றைப் பிள்ளைகட்குக் கதையாக உரைப்பார் பலர், பிற்பகுதியை விரைந்து நாடி இப்பகுதியை ஓரடியிற் கடந்துவிடுகின்றனர். பள்ளிப் பிள்ளைக்கு உரிய பகுதி இதுவேயாம்.

இனி இப்பொருண்மேல் எழும் தடைகள் மூன்று.

முதற்றடை வருமாறு: இன்பமும் துன்பமும் அவ்வவர் வினையின் வழியே வருவன, நலியப்படும் பிள்ளை தன் பழவினையை நுகர்கின்றது, அதனைத் தடுத்தற்குப் பிறர் யார்? என்பது. அற்றன்று. வினை சடமாதலின் தானே சென்று பொருந்தமாட்டாது; அறிவுடைய முதல்வனே அதனைக் கூட்டுவன். எவ்வுயிர்க்கு எவ்வினைப் பயன் எவ்வளவிற்று என்பது முதல்வன் ஒருவனே அறிவன்; பக்கத்து இருக்கையில் அமர்ந்த மாணாக்கனும் அறியான், ஆசிரியரும் அறியார். அறியாத ஒன்றைத் துணையாகக் கொண்டு செயலொழிதல் அறிவுடைமை ஆகாது. மேலும், ஒருவன் நுகரும் துன்பத்திற்குக் கருவியாய் நின்றான் தன் செயற்குரிய ஆகாமியத்தினின்றும் நீங்கான். அன்றியும், துன்பம் வருதல் வினைப்பயனாயின், துணை வருதலும் வினைப்பயனே. அத்துணை எவன் கையால் வரவேண்டும் என்று திருவருள் வைத்ததோ, அவன்தான் அவ்விடத்தே கண்டு நின்றவன். தன் குழவிக்குச் சுரம் கண்டால் வினை என்று வாளாவிருப்பார் ஒருவரும் இலர். மருத்துவனை நாடி ஓடுகின்றனர். பிறர் குழவியின் துன்பத்திற்கு மாத்திரம் வினைக்கோட்பாடு நினைவிற்கு வருதல் கோட்பாட்டின் குற்றம் அன்று, கூறுவாரின் குற்றம். வினையுண்மை, துன்பம் உற்றான் பிறரைப் பகையாது ஆறுதற்பொருட்டுக் கூறப்பட்டதேயன்றிக் கண்டான் கைகட்டி நிற்றற்பொருட்டுக் கூறப்பட்டதன்று.

இரண்டாந்தடை வருமாறு: பொறுத்தல் தலையாய அறம், திருநாவுக்கரசு நாயனார் நீற்றறையையும் நஞ்சையும் யானையையும் கல்லொடு கடலில் இடப்பட்டமையையும் பொறுத்திலரோ? பிள்ளைகளும் பொறுத்தலைப் பழகுதல் நன்று அன்றோ? என்பது. திருநாவுக்கரசர் சூலைநோய் தீர்ந்து திருவருளை முற்றச் சார்ந்தபின்னரே அத்துன்பங்கள் எய்தின. அவர் பொறுத்தது வேறு துணையின்மையால் அன்று; பெருந்துணை உண்மையால். அவர் அஞ்சி அடங்கியவரும் அல்லர். மன்னன் ஆணைக்குத் தாம் ஆளல்லம் என்று மறுத்துரைத்தவர். ஏழாண்டுக் குழவிக்கு அச்சார்பு இன்னும் கைவந்திலது. அதற்குச் சார்பு தாயும் தந்தையும் ஆசிரியருமே. அவரும் கைவிட்டபின், அது பொறுத்திருப்பதாகத் தோன்றுவது பொறுமை அன்று, திகைப்பேயாம். வலியுடையான் ஒறுக்க வல்லனாயிருந்தும் ஒறாமையே பொறை. வேறு வழியில்லாதான் வாய்மூடிக் கிடத்தலைப் பொறையென்று புகழ்தல் அவனை மீட்டும் ஒருமுறை நலிதலாம்.

மூன்றாந்தடை ஆராய்ச்சியிற் சிறந்தது. முதல்வன் உயிர்களை ஒறுத்தலும் கருணையே என்பதும், அது மறக்கருணை எனப்படும் என்பதும் சைவர் எல்லார்க்கும் உடன்பாடு. அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞான சித்தியாரும், சொல்வழி நில்லாத மக்களைப் பெற்றோர் அடித்துத் திருத்துதலை இதற்கு உவமையாக எடுத்தாண்டது. ஆகலின், நலிந்த சிறுவனைப் பிரம்பால் அடித்தலே முறையன்றோ? என்பது.

இதற்கு விடை: உவமை, பொருளின் ஒருபுடை ஒப்புமை பற்றி வருவது. ஆண்டு ஆசிரியர் விளக்கக் கருதியது, முதல்வனது முனிவு முனிவன்று, அன்பின் மறுவடிவு என்பதே; பிள்ளைகளை அடிக்கவேண்டும் என்னும் விதியன்று. முதல்வன் விருப்பு வெறுப்பு இல்லாதவன். ஒவ்வோர் உயிரின் பக்குவத்தையும் உள்ளவாறு அறிபவன். தன் பயன் ஒன்றும் கருதாதவன். இம்மூன்றும் உடையான் ஒறுத்தல் கருணையாம். சினம் தலைக்கேறப் பிரம்பை எடுக்கும் மனிதர்க்கு இம்மூன்றும் இல்லை. அன்றியும் அடியுண்ட சிறுவன் அவ்வடியால் அறிந்துகொள்வது யாது? வலியுடையான் வலியில்லானை அடிக்கலாம் என்பதையே. அவன் முன்னரே அறிந்திருந்த அப்பாடத்தை ஆசிரியரும் வழிமொழிந்தவராவர். பழைய திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் முதலிய ஒறுப்புக்கள் இருந்தன. ஆசிரியர் இல்லாதவிடத்துச் சட்டாம்பிள்ளை அவர்க்குரிய அதிகாரத்தைத் தான் ஏற்று நடத்துவான். மேலிருப்பார் கையிற் பிரம்பு உண்டாயின், அதன் நிழல் கீழிருப்பார் கையிலும் விழும். 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2010 ஏப்பிரல் 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், தன் 17-ஆம் பிரிவில், பிள்ளைகளை உடலால் ஒறுத்தலையும் மனத்தால் துன்புறுத்தலையும் விலக்கியுள்ளது.

அற்றேல் மறக்கருணைக்குப் பள்ளியில் இடமில்லையோ எனின், உண்டு. அஃது உறுதிப்பாடு என்னும் வடிவினது. நலிந்த சிறுவனைத் தனியே அழைத்து, சினமின்றியும் சிரிப்பின்றியும், 'நீ செய்தது இது; இஃது இப்பள்ளியில் நிகழலாகாது; நாளை முதல் நான் நாடோறும் நோக்குவேன்' என்று கூறி, கூறியவாறே நாடோறும் நோக்குதல் மறக்கருணை. கிழித்த புத்தகத்தைத் தன் கையால் ஒட்டித் தரச்செய்தலும், நலிதற்கு வாய்ப்பாயிருந்த இடத்தையும் கூட்டையும் சில காலம் அவனுக்கு விலக்குதலும் மறக்கருணை. அவன் மெலிந்த பிள்ளைக்கு ஒரு நன்மை செய்தானாயின் அதனை உடனே கண்டு பாராட்டுதல் அறக்கருணை. இரண்டும் ஒருங்கே வேண்டும். முன்னையது மாத்திரம் இருப்பின் அவன் மறைவில் நலிவான். பின்னையது மாத்திரம் இருப்பின் வெளிப்படையில் நலிவான்.

பள்ளி முழுதும் ஒருங்கே முயன்றால் இத்தீமை குறையும் என்பதற்குச் சான்று உண்டு. 1982-ஆம் ஆண்டின் இறுதியில் நார்வேயின் வடபகுதியிற் சிறுவர் மூவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உடன் பயின்றாரின் கொடிய நலிதலே அதற்குக் காரணமாயிருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. அரசு 1983-ஆம் ஆண்டில் நாடெங்கும் ஒரு முயற்சியைத் தொடங்கிற்று. பெர்கன் நகரத்து 42 பள்ளிகளில், ஏறக்குறைய 2,500 மாணாக்கரை இரண்டரை ஆண்டு தொடர்ந்து நோக்கிய ஒல்வேயஸ், நலிதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது எனக் கண்டார். அவர் கொண்ட வழிகள் அரியன அல்ல. இடைவேளையிற் பெரியோர் வெளியே நின்று நோக்குதல், வகுப்புத்தோறும் சில விதிகளைப் பிள்ளைகளோடு கலந்து அமைத்தல், கிழமைதோறும் அவர்களோடு அமர்ந்து பேசுதல், நலிந்தானிடத்தும் நலியப்பட்டானிடத்தும் இருவர் பெற்றோரிடத்தும் தனித்தனியே உரையாடுதல் என்பனவே அவை. பின்லாந்திற் சல்மிவல்லி அம்மையார் முதலியோர் வகுத்த 'கிவா' என்னும் முறை, கண்டிருப்பாரின் மனத்தை மாற்றுதலையே நடுவாகக் கொண்டது. 78 பள்ளிகளில் ஆராயப்பட்டு நலிதல் குறைந்தமை காணப்பட்டபின், 2009-ஆம் ஆண்டுமுதல் அது நாடெங்கும் பரவிற்று. சைவம் அறியாத தேசத்தார், தம் ஆராய்ச்சியாற் சார்பின் ஆற்றலை இவ்வளவிற் கண்டிருப்ப, அதனைக் கோட்பாடாகவே பெற்றிருப்பார் செயலில் மடிந்திருத்தல் தகுமோ என்பது எண்ணற்பாலது.

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளியில் இவற்றை நடத்துதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தண்ணீர்க் குழாய், கழிப்பிடம், உணவு வரிசை, பள்ளி விட்டுச் செல்லும் வழி ஆகிய நான்கிடங்களில் நலிதல் நிகழ்தல் எளிது. ஆண்டெல்லாம் ஒரு பெரியவர் கண் இருந்தாற் பெரும்பகுதி முளையிலேயே கிள்ளப்படும். பிள்ளைகளை இட்ட பெயரால் அழைத்தல் விதியாகவேண்டும். அவ்விதி ஆசிரியரிடத்தே தொடங்கவேண்டும். நலியப்பட்ட பிள்ளையை வேறு வகுப்பிற்கோ வேறு இருக்கைக்கோ மாற்றுதல் எளிய வழியாகத் தோன்றினும், குற்றமற்றான் இடம்பெயரக் குற்றமுற்றான் இடத்தை வென்றானாகின்றான். பெயர்க்கவேண்டியிருப்பின் நலிந்தானையே பெயர்த்தல் வேண்டும்.

கண்டிருக்கும் பிள்ளைகட்கு ஒரு வேறுபாடு தெளிவாகக் கற்பிக்கப்படற்பாலது. கோள் என்பது ஒருவனுக்குக் கேடு சூழ்ந்து உரைப்பது. முறையீடு என்பது ஒருவனைக் கேட்டினின்றும் காத்தற்கு உரைப்பது. இரண்டும் ஒரே வாயால், ஒரே ஆசிரியரிடத்தே உரைக்கப்படுதலின் பிள்ளைகள் மயங்குவர். கோள்சொல்லி என்னும் பழிக்கு அஞ்சி வாளாவிருப்பர். அஞ்சுதல் குழவிக்கு இயல்பு. அதுபற்றி அதனைக் குற்றங்கூறல் ஆகாது. வலியானை எதிர்த்து நிற்க ஒவ்வொரு பிள்ளையையும் ஏவுதலும் ஆகாது. நகையாதிருத்தல், நலியப்பட்ட பிள்ளையின் அருகே சென்று அமர்தல், விளையாட வா என்று அழைத்தல், ஆசிரியரிடத்து உரைத்தல் என்னும் நான்கும் எந்தக் குழவிக்கும் இயல்வன. தனித்திருந்த ஒரு பிள்ளையின் அருகே மற்றொரு பிள்ளை சென்றமர்ந்த அளவானே, நலிவானுக்கு முன்பிருந்த அவை கலைந்துவிடுகின்றது.

முறையிட்ட பிள்ளையைக் காத்தல் ஆசிரியரின் கடமைகளுள் தலையாயது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில், உடன் பயின்றார் சிலராற் சாதி காரணமாக நலியப்பட்டு, அதனைப் பள்ளியில் முறையிட்ட மேனிலைப்பள்ளி மாணவர் ஒருவர், தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். இடைப்புகுந்த தங்கையும் காயமுற்றாள். தமிழ்நாட்டரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அமைத்தது. அக்குழு 2024-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. வெட்டியவரும் சிறுவரே. அத்துணைப் பகை ஒருநாளில் விளைவதன்று. சாதிப்பெயரை வசையாக வழங்குதல் முதல் வகுப்பில் நகைப்பாகக் கொள்ளப்பட்டு, ஐந்தாம் வகுப்பில் வழக்கமாகி வளர்ந்தால், மேல்வகுப்பில் அது கையில் எதனை எடுக்கும் என்று எவரும் கூறல் இயலாது. அடியாருள் குலம் நோக்காத பெருநெறியிற் பிறந்தார், தம் பிள்ளைகளின் வாயில் அச்சொல் வருங்கால் கேட்டும் கேளார்போல் இருத்தல், அச்சொல்லைச் சார்தலேயாம்.

பெற்றோர் பலர் 'திருப்பி அடி' என்று கற்பிக்கின்றனர். வலிமை ஒவ்வாமையே நலிதலின் இலக்கணமாகலின், எளிய பிள்ளை திருப்பி அடித்தல் இயலாது. இயலாமையால் தந்தையின் சொல்லையும் காக்கமாட்டாமல் இருமடங்கு நாணும். வேறு சிலர் வெகுண்டு அப்பிள்ளையின் வீட்டிற்கே சென்று பூசலிடுகின்றனர். அதனால் பிள்ளைகளின் நோய் பெரியோரையும் பற்றுகின்றது. பிள்ளை கூறுவதை இடைமறியாது முழுதும் கேட்டலும், 'இஃது உன் குற்றம் அன்று' என்று தெளிவித்தலும், நாளும் இடமும் குறித்து ஆசிரியரிடத்து அமைதியாக அறிவித்தலும், பயன் காணுமளவும் மீண்டும் மீண்டும் சென்று வினாவுதலும் செய்யத்தக்கன. பள்ளியும் கேளாதவிடத்து, துன்புறும் பிள்ளைகட்கென இந்தியாவெங்கும் அமைந்துள்ள 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு. தன் பிள்ளையே பிறரை நலிகின்றது என்று கேட்ட பெற்றோர்க்குக் கடமை இன்னும் பெரிது. 'என் பிள்ளை அத்தகையன் அல்லன்' என்று மறுத்தலே அவர்க்கு முதலில் தோன்றும். களிம்பு உண்டு என்று ஒப்பாதார் செம்பை விளக்கமாட்டார்.

உயிர் தானே அறியமாட்டாது, அறிவித்தால் அறியும். முதல்வன் உயிர்க்கு உயிராய் உள்நின்று அறிவிக்கின்றான். புறத்தே குரவரை வைத்து அறிவிக்கின்றான். ஐந்தாண்டுக் குழவி, பிறர் நோவினை நோவென்று தானே உணரும் என்று எதிர்பார்த்தல் அதன் இயல்பறியாமை. அதற்கு அறிவிக்கும் இடத்தில் வைக்கப்பட்டவர் ஆசிரியரும் பெற்றோரும். அவர் அறிவியாது வாளாவிருப்பினும், அவ்வாளாமையால் ஒன்றனை அறிவித்தவரே ஆகின்றனர். வகுப்பறையின் மூலையில் ஒரு குழவி தலைகவிழ்ந்து இருப்ப, ஏனையோர் நகைப்ப, அதனைக் கண்டு வாயிலைக் கடந்து செல்லும் பெரியவர் ஒருவர், அன்று அவ்வகுப்பிற்கு ஒரு பாடம் சொல்லியே செல்கின்றார். அவ்வாறு செல்லாது உள்ளே புகுந்து அக்குழவியின் அருகே நிற்பாராயின், அதுவும் ஒரு பாடம். எதனைச் சாரவேண்டும் என்பதை அவ்வகுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரும் அன்று கண்கூடாக அறியும்.